பித்தளைத் தட்டும் மெட்ராஸ் பிளைட்டும்

ஏர்போர்ட் பாதுகாப்பு வாசலில் நான் பிள்ளையார் சிலை வைத்துப் பூஜை நடத்தினேன் என்று ஒரு கதை இன்னும் உலவுகிறது. போன மாதம் ஓய்வு பெற்றவர்களுக்காக வைத்த விருந்தில், இப்போது வேலையில் இருக்கும் பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "அங்கிள், அந்தக் கோயில கட்டுனவரு நீங்கதானாம்லா?" என்று ஒரு பெண் கேட்டாள். பக்கத்தில் நின்ற பையன் இன்னும் மேலே போய், பேக்கேஜ் வண்டியில் தேர் இழுத்தோமாமே என்று விசாரித்தான்.

ஆகவே உள்ளதை எழுதிவிடுகிறேன். பிள்ளையார் இல்லை. தேர் இல்லை. பூஜை என்று நான் எதையும் செய்யவில்லை. தட்டு மட்டும்தான் என்னுடையது. கொஞ்சம் விபூதியும்.

நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் கடைசியில், இங்கே மலேசியாவில், பழைய ஏர்போர்ட்டில். பைக்குள் இருப்பதைப் படமாகக் காட்டும் மெஷின் எங்கள் வாசலுக்கு அப்போது வந்திருக்கவில்லை. பையைக் கையால் திறந்து பார்ப்போம். ஆளைப் பார்க்க ஒரு வளைவு இருந்தது. வெளிர்மஞ்சள் பெயிண்ட் அடித்த இரும்புச் சட்டம், உச்சியில் ஒரு சிவப்பு பல்பு. உலோகத்தோடு யாராவது உள்ளே நுழைந்தால் பல்பு எரியும், ணிங் ணிங் என்று சத்தம் வரும். அந்தச் சத்தத்தைத் தேர்ந்தெடுத்த வெள்ளைக்காரன் ஒரு நாளாவது கோயில் பக்கம் போயிருந்தால் வேறு சத்தம் வைத்திருப்பான்.

பயிற்சி மூன்று வாரம். அதில் எனக்கு ஞாபகம் இருப்பது ஒன்றுதான். முதல் நாள் வளைவு எப்படி வேலை செய்கிறது என்று காட்ட, வாத்தியார் என்னை அதன் வழியாக நடக்கச் சொன்னார். சத்தம் வந்தது. பெல்ட்டைக் கழற்றினேன். வந்தது. கடிகாரத்தைக் கழற்றினேன். வந்தது. ஐந்தாவது தடவை அவரே என் பின் பாக்கெட்டில் கைவிட்டு ஒரு டீஸ்பூனை எடுத்தார். கேன்டீன் ஸ்பூன். காலையில் தேநீர் கலக்கிவிட்டு என்ன நினைப்பிலோ பாக்கெட்டில் போட்டிருக்கிறேன். திருட்டு என்று எழுதாமல் கவனக்குறைவு என்று எழுதிய அந்தப் புண்ணியவானால்தான் எனக்கு இன்று பென்ஷன்.

ஒரு வருடம் தற்காலிக வேலை. அதில் குறை எதுவும் இல்லாவிட்டால் நிரந்தரம் என்று கடிதம் கொடுப்பார்கள். அந்தக் கடிதத்துக்காக என்னைவிட ஆவலாகக் காத்திருந்தவர் கிள்ளானில் இருந்தார். பெயர் சுப்பையா. தபால் ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மகள் கமலாவைப் பெண் கேட்டுப் போயிருந்தோம். கேசரித் தட்டை வைத்துவிட்டுப் போன கையைத்தான் நான் அன்று பார்த்தேன், முகத்தை நிமிர்ந்து பார்க்கத் தைரியம் வரவில்லை. அந்தக் கையே போதும் என்றிருந்தது. சுப்பையாவுக்கு என்னிடம் பார்க்கக்கூட எதுவும் இருக்கவில்லை. "வேல நிரந்தரம்னு காயிதம் வரட்டும். காயிதத்தோட வாங்க, பேசுவோம்" என்று எழுந்துவிட்டார். காயிதம் வராவிட்டால் கமலாவும் இல்லை.

காயிதம் கொடுக்க வேண்டியவர் என் மேலதிகாரி திரு. தம்பிராசா. யாழ்ப்பாணத்துக்காரர். நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் பேசும் தமிழுக்கும் அவர் தமிழுக்கும் இடையே ஒரு கடல் இருந்தது. முதல் மாதம் அவர் திட்டுகிறாரா விசாரிக்கிறாரா என்றே எனக்குத் தெரியாது. வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய மூன்று பட்டை விபூதி, வெள்ளிபோல் நரைத்த தலை, காதில் ஒரு பென்சில். அந்தப் பென்சில் எழுதுவதற்கு அல்ல. பயணியின் காசை நகர்த்துவதற்கு. மேஜையில் ஒரு பத்துக் காசு விழுந்து கிடந்தாலும் விரலால் தொடமாட்டார், பென்சில் முனையால் தள்ளுவார்.

எங்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த முறை இதுதான். வளைவுக்கு முன்னால் பயணி தன் பாக்கெட்டில் இருக்கும் சில்லறை, சாவி எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் போட வேண்டும். அந்தக் கிண்ணத்தை நான் வளைவுக்கு வெளிப்புறமாகச் சுற்றி எடுத்துப் போய் அந்தப் பக்கம் நிற்க வேண்டும். பயணி வளைவுக்குள் நடந்து வந்து தன் பொருளை எடுத்துக்கொள்வார். இதில் நான் எதையும் சுருட்டவில்லை என்று ஊருக்கே தெரிய வேண்டும். அதனால் சட்டைக்கை முழங்கைக்கு மேலே மடித்திருக்க வேண்டும். கிண்ணத்தை இரண்டு கையாலும் நெஞ்சு உயரத்தில் பிடிக்க வேண்டும். கண் கிண்ணத்திலேயே இருக்க வேண்டும். நிதானமாக ஏழு அடி.

"பயணி போடுவார். பயணி எடுப்பார். இடையிலை நீர் ஒரு மரம்" என்பார் தம்பிராசா. "மரம் காசைத் தொடுமோ காணும்?"

"தொடாது சார்."

"அப்ப சரி."

அவருடைய போக்கைப் புரிந்துகொள்ள ஒரு சம்பவம் போதும். ஒருநாள் வெற்றிலை போடும் ஆன்டி ஒருவர் இடுப்பிலிருந்து பாக்குவெட்டியை எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். பாக்குவெட்டி ஆயுதமா இல்லையா என்று எங்கள் புத்தகத்தில் எழுதவில்லை. தம்பிராசாவைக் கூப்பிட்டேன். வந்தார். பாக்குவெட்டியைப் பார்த்தார், ஆன்டியைப் பார்த்தார்.

"அம்மா, ஒண்டு வெட்டிக் காட்டுங்கோ."

வெட்டிக் காட்டினார். கொட்டைப் பாக்கு வெண்ணெய்போல் இரண்டானது.

"இது ஆயுதம்தான்" என்றார் தம்பிராசா. "மெட்ராசிலை இறங்கேக்கை திருப்பித் தருவினம். அதுவரைக்கும் நாலு மணித்தியாலம். நாலு மணித்தியாலத்துக்கு எத்தினை பாக்கு வேணும் அம்மா?"

"எட்டு போதும் ஐயா."

"எட்டையும் இப்பவே வெட்டுங்கோ."

நாற்பது பேர் வரிசையில் நிற்க, ஆன்டி நின்ற இடத்திலேயே நிதானமாக எட்டுப் பாக்கு வெட்டினார். தம்பிராசா பக்கத்தில் கைகட்டி நின்று எண்ணினார். அப்புறம் பாக்குவெட்டியை உறையில் போட்டு ஒட்டி, விமானப் பணிப்பெண்ணிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். சட்டத்திலும் ஒரு நூல் இறங்கமாட்டார், ஆன்டியின் வாயையும் சும்மா இருக்கவிடமாட்டார்.

இப்போது தட்டுக்கு வருகிறேன். எங்களுக்குக் கொடுத்திருந்தது நீல நிறப் பிளாஸ்டிக் கிண்ணம். ஒரு வியாபாரி கோட்டுப் பாக்கெட்டிலிருந்து ஒரு கடைக் கல்லாவையே அதில் கொட்டினார். கிண்ணத்தின் அடி கழன்று விழுந்தது. காசு உருண்டு நான்கு திசையிலும் ஓட, நான் மரமாக நின்றேன். அவர் தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கினார். புதுக் கிண்ணம் கேட்டு மூன்று பிரதியில் விண்ணப்பப் பாரம் எழுதிப் போட்டேன். வரும், ஆனால் எப்போது என்று யாருக்கும் தெரியாது.

காத்திருந்தால் பயணியின் காசை நான் உள்ளங்கையிலா ஏந்துவது? என் வேலைமேல் எனக்கு அவ்வளவு அக்கறை. மறுநாள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்குப் போனேன். வட்டமாக, கனமாக, காசு துள்ளி விழாதபடி விளிம்பு உயர்ந்ததாக ஒன்று வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் யோசிக்கவே இல்லை, மேல் தட்டிலிருந்து ஒரு பித்தளைத் தட்டை இறக்கினார். அது பூஜைச் சாமான் கடை. அங்கே வேறு எதை இறக்குவார்? எனக்கு அது அப்போது தோன்றவில்லை. நல்ல தட்டு என்று மட்டும் தோன்றியது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுபோனேன்.

இப்போது நீங்களே அந்தக் காட்சியைப் பாருங்கள். காலையில் குளித்து நெற்றியில் விபூதி பூசிய ஒருவன். சட்டைக்கை மடித்திருக்கிறது. முகத்தில் சிரிப்பு இல்லை. இரண்டு கையாலும் நெஞ்சு உயரத்தில் ஒரு பித்தளைத் தட்டு. கண் தட்டிலேயே இருக்கிறது. நிதானமாக ஒரு வாசலைச் சுற்றி நடக்கிறான். வாசலின் உச்சியில் சிவப்பாக ஒரு விளக்கு. ணிங் ணிங் என்று மணி.

லண்டன் பிளைட்டுக்கும் ஹாங்காங் பிளைட்டுக்கும் ஒரு தொல்லையும் இல்லை. போட்டார்கள், எடுத்தார்கள், போனார்கள். அன்று மத்தியானம் மெட்ராஸ் பிளைட் வந்தது. பூச்சோங் பக்கத்து ஆள் ஒருவர் இருபது காசு போட்டார். வளைவைக் கடந்து வந்தார். என் தட்டை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போய்விட்டார்.

"அண்ணே, காசு!" என்று கூவினேன்.

"போட்டாச்சு தம்பி" என்றார் திரும்பாமலே.

அவருக்குப் பின்னால் நின்றவர் இதைப் பார்த்தார். அவருக்குப் பின்னால் நின்றவர் அவரைப் பார்த்தார். அவ்வளவுதான். வரிசை முழுவதும் போட்டது, யாரும் எடுக்கவில்லை. நான்கைந்து பேர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வளைவுக்குள் நுழைந்தார்கள், அந்தப் பக்கம் போனபிறகு செருப்புக்குத் திண்டாடினார்கள். யோசித்துப் பார்த்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. முக்கால்வாசிப் பேர் முதல்முறை விமானம் ஏறுகிறவர்கள். பயந்துகொண்டே ஏறும் நேரத்தில் வாசலில் ஒரு கோயில் இருப்பது நியாயமாகத்தான் பட்டிருக்கும். அதோடு, மலேசியச் சில்லறை மெட்ராஸில் செல்லாது.

மிஞ்சிய காசைத் தட்டோடு தம்பிராசாவிடம் கொண்டுபோனேன். அவர் பென்சிலால் ஒவ்வொன்றாகத் தள்ளி ஓர் உறைக்குள் விழவைத்து, ஆள் தெரியாத பொருள் என்று எழுதி ஒட்டினார். அடுத்த மெட்ராஸ் பிளைட்டுக்கும் ஓர் உறை. அதற்கடுத்ததற்கும். மூன்று வாரம் கழித்து நெற்றியைச் சுருக்கினார்.

"மெட்ராஸ் சனத்துக்கு மட்டும் ஏன் காணும் இவ்வளவு மறதி?"

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏனென்றால், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது பிடித்திருந்தது. வீட்டில் என்னை ஒருவரும் மதித்ததில்லை. இங்கே கடை முதலாளிகள் என் தட்டைத் தொட்டுக் கும்பிட்டார்கள். தம்பிராசா தன் கைப்பட "தயவுசெய்து உங்கள் சில்லறையை மறக்காதீர்கள்" என்று தமிழில் எழுதி வளைவுக்கு முன்னால் ஒட்டினார். அதைப் படித்த பிறகு, பாக்கெட்டில் காசே இல்லாதவர்கள் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டு வாங்கிப் போட ஆரம்பித்தார்கள்.

இதற்குமேல் நான் ஒரு தப்பு செய்தேன். ஓர் அக்கா தட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நகராமல் என் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை தேங்குகிறது. "என்னக்கா?" என்றேன். "துண்ணூறு" என்றார். என்ன செய்வது? என் நெற்றியிலிருந்தே கொஞ்சம் வழித்து அவர் கையில் வைத்தேன். என்னுடன் வேலை பார்த்த ரோஸ்லி, கைக்கருவியால் ஆட்களைத் தடவிப் பார்க்கிறவன், "அலாமா, மணியம்!" என்று தலையில் கைவைத்தான். அதற்கப்புறம் வந்தவர்களும் கை நீட்டினார்கள். பிளைட் முடிந்தபோது என் நெற்றி துடைத்த சிலேட்டுபோல் இருந்தது.

பத்தே நாளில் புகார் வந்துவிட்டது. எழுதியவர் ஒரு பயணி. சீருடை அணிந்த காவலாளி ஒருவர் தட்டேந்திப் பயணிகளிடம் காசு வசூலிக்கிறார், பதிலுக்குச் சாம்பல் கொடுக்கிறார் என்று எழுதியிருந்தார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, அதுதான் சங்கடம். என் தற்காலிக வருடம் முடிய இன்னும் ஒரு வாரம்.

தம்பிராசா என்னை அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு, புகாரை மூன்று தடவை வாசித்துக் காட்டினார். நான் ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டேன். ஸ்பூன் கதையைக்கூடச் சொல்லிவிட்டேன். அவர் கேட்கவில்லை, பயத்தில் தானாக வந்துவிட்டது.

"உமக்கு விசர் காணும்" என்றார். திட்டுகிறார் என்று எனக்கு இந்தத் தடவை சந்தேகம் இல்லாமல் புரிந்தது.

தலைமையகத்திலிருந்து விசாரிக்க வந்தவர் ஒரு மலாய் அதிகாரி, துவான் கமாருடின். கனத்த உடம்பு, மெல்லிய குரல். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே வரியில் முடிவு சொன்னார். நாளைக்கு மெட்ராஸ் பிளைட்டை நேரில் பார்க்கிறேன். அதே தட்டு, அதே ஆள், எதையும் மாற்றக் கூடாது. கடைசிப் பயணி போனபிறகு தட்டில் ஒரு காசு மிஞ்சினாலும் புகார் உண்மை, இவன் வீட்டுக்குப் போகட்டும். மிஞ்சவில்லை என்றால் பேச்சை விட்டுவிடுவோம்.

மறுநாள் விபூதி பூசாமல் போனேன். நெற்றி அம்மணமாக இருப்பதுபோல் இருந்தது. புண்ணியமில்லை. அந்தப் பக்கம், வளைவுக்கு நேர் எதிரே, விசாரணைக்காகத் தம்பிராசா வந்து நின்றிருந்தார். நரைத்த தலை, மூன்று பட்டை, வெள்ளைச் சட்டை. கோயிலில் அதுவரை குருக்கள் மட்டும்தான் குறை. அந்தக் குறையும் தீர்ந்தது. அவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் துவான் கமாருடின், மடியில் என் கோப்பு.

முதலில் வந்த இரண்டு பேரும் டை கட்டியவர்கள். "காசை எடுத்துக்குங்க சார்" என்றேன், எடுத்துக்கொண்டார்கள். உயிர் வந்தது.

மூன்றாவதாக ஒரு அக்கா. ஐம்பது வயது இருக்கும். தெலுக் பங்லிமா காராங் பக்கத்து எஸ்டேட்டாம், பெயர் முனியம்மா. பாஸ்போர்ட்டை நெஞ்சோடு அணைத்திருந்தார். சேலைத் தலைப்பில் முடிந்திருந்த காசை அவிழ்த்து, எல்லாவற்றையும் தட்டில் போட்டார். வளைவுக்குள் நடந்தார். ணிங் ணிங் என்றது. ரோஸ்லி கருவியை வைத்துப் பார்த்தான், இடுப்பில் வீட்டுச் சாவி. பரவாயில்லை என்று விட்டான். அக்கா நேராக என்னிடம் வந்து, தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நடந்தார்.

"அக்கா, காச எடுத்துக்குங்க."

"போட்டது போட்டதுதான் தம்பி."

"இல்லக்கா, இது ஒங்க காசு. ஒங்க கையிலதான் இருக்கணும்."

"எங்கையில இருந்துதானே போட்டேன்?"

"இது கோயில் இல்லக்கா. மெஷின். இரும்பு இருந்தா கத்தும், அவ்ளோதான்."

"மெஷினுக்கு எதுக்குத் தம்பி மணி?"

"அது ஒங்க சாவிக்கு அடிச்சிச்சு."

"சாவிக்கா?" அக்கா இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "நான் வீட்டப் பூட்டிட்டு வந்தது அதுக்கு எப்படித் தெரிஞ்சிச்சு?"

வரிசையில் சிரித்தார்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. துவான் கமாருடின் நாற்காலியின் முனைக்கு வந்துவிட்டார். தட்டை அக்காவின் முன்னால் நீட்டி, குரலைத் தாழ்த்தினேன்.

"அக்கா, நீங்க எடுக்கலன்னா என் வேல போயிடும். அந்தா ஒக்காந்திருக்காரே, அவரு அதுக்குத்தான் வந்திருக்காரு."

முனியம்மா அவரைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். சிரித்துப் பேசிக்கொண்டிருந்த முகம் மாறிவிட்டது.

"நாளைக்கு எம்புருஷனுக்கு ஆப்பரேசன். மெட்ராஸ் ஆஸ்பத்திரியில நெஞ்சத் தொறக்கப் போறாங்க. அவரு பொழைக்கணும்னு நெனச்சிதான் போட்டேன். அதத் திருப்பி எடுத்துட்டுப் போயி, ஏதாச்சும் ஒண்ணு ஆச்சின்னா நீ வந்து பதில் சொல்லுவியா?"

நீட்டிய தட்டை மெல்லப் பின்னுக்கு இழுத்தேன்.

"ஒனக்கு வேல தம்பி. எனக்குப் புருஷன்."

வரிசை அக்கா பக்கம் சாய்ந்தது. "அந்தம்மா சொல்றது ஞாயந்தானே" என்றது ஒரு குரல். "எதுக்குலா கட்டாயப்படுத்துற? விடு போகட்டும்" என்றது இன்னொன்று. எல்லாரும் பாக்கெட்டில் கைவிட்டுக் காசைத் தயாராக எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கு ஒரு காசல்ல, ஒரு குடமே நிறையப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கிள்ளான் பஸ் என்னை விட்டுவிட்டுப் புறப்படுவதுபோல் இருந்தது.

அப்போது தம்பிராசா என் பக்கத்தில் வந்து நின்றார். தட்டையே கொஞ்ச நேரம் பார்த்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார். தள்ளப்போகிறார் என்று தட்டைத் தாழ்த்திக் காட்டினேன். அவர் பென்சிலைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, வலது கையால் முனியம்மாவின் காசு முழுவதையும் அள்ளினார். அந்தக் கையில் காசை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அம்மா, கையை நீட்டுங்கோ."

"ஐயா?"

"சித்திரை பிறந்து இன்னும் பத்து நாள் ஆகேல்லை. வருசம் பிறந்தா எங்கடை ஆக்கள் மூத்தவையின்ரை கையாலை காசு வாங்குவினம். கைவிசேசம் எண்டு சொல்லுறது. நல்ல கையாலை வாங்கினா அந்த வருசம் முழுக்க வீட்டிலை நல்லது நடக்கும். ஒண்டு மட்டும். வாங்கினதைத் திருப்பிக் குடுக்கப்படாது."

முனியம்மா உடனே கையை நீட்டிவிடவில்லை. அவரும் லேசுப்பட்டவர் இல்லை. தம்பிராசாவின் கையை உற்றுப் பார்த்தார்.

"இது நல்ல கையாய்யா?"

தம்பிராசாவும் தன் கையைப் பார்த்தார், அதைப் பற்றி யாரோ இப்போதுதான் முதல்முறையாகக் கேட்டதுபோல.

"முப்பது வருசமா ஒருத்தற்றை காசையும் தொடேல்லை அம்மா."

முனியம்மா இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினார். காசு விழுந்தது. தலைப்பில் முடிந்து, முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வரிசை முழுவதும் அந்த முடிச்சையே பார்த்தது. பிறகு ஒருவர் முண்டிக்கொண்டு முன்னால் வந்தார். "ஐயா, எனக்கும்." அவர் தட்டில் போட்டார், வளைவில் நடந்தார், கையை நீட்டினார். தம்பிராசா அவர் காசை அவர் கையிலேயே வைத்தார். அடுத்தவர் வந்தார். அதற்கடுத்தவர் வந்தார். சிலர் காலில் விழப்போக, "வேண்டாம், வேண்டாம், பிளேன் போயிடும்" என்று அவர் நிமிர்த்திவிட்டார். சில்லறை இல்லாதவர்கள் முன்புபோலவே பக்கத்தில் நின்றவரிடம் கடன் வாங்கிப் போட்டு, திரும்பக் கிடைத்ததும் கடனைக் கொடுக்க மறுத்தார்கள். வாங்கினதைத் திருப்பிக் குடுக்கக் கூடாதாம். அதில் இரண்டு சண்டை. ஒரு சீனத் தவுக்கே, கடை முதலாளி, இதைத் தங்கள் புதுவருட அங்பாவ் காசு என்று எடுத்துக்கொண்டு வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் ரோஸ்லி தன் பாக்கெட்டிலிருந்து ஒரு பத்துக் காசைத் தட்டில் போட்டு, வளைவைச் சுற்றி ஓடிவந்து அவனும் கையை நீட்டினான். பெருநாளுக்குப் பெரியவர்களிடம் நாங்களும் வாங்குவதுதானே என்றான்.

துவான் கமாருடின் எழுந்து வந்து தட்டுக்குள் எட்டிப் பார்த்தார். தட்டில் அவர் முகம்தான் தெரிந்தது. ஒரு காசு இல்லை.

"நீங்கள் பயணியின் காசைத் தொட்டீர்கள்" என்றார் தம்பிராசாவிடம் ஆங்கிலத்தில்.

"தொட்டேன்" என்றார் தம்பிராசா. "எழுதுவதென்றால் என் பெயரில் எழுதுங்கள். இவன் தொடவில்லை."

துவான் கமாருடின் வாயைத் திறக்குமுன் முனியம்மா குறுக்கே வந்துவிட்டார். அவர் இன்னும் பிளைட்டுக்குப் போகவில்லை. ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"ஐயா, ஒண்ணே ஒண்ணு. அவரு எந்திரிச்சதும் வந்து சொல்லணும்ல, அதான் கேக்குறேன். இது என்னா சாமிங்க?"

தம்பிராசா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. வளைவை அண்ணாந்து பார்த்தார். சிவப்பு பல்பைப் பார்த்தார். துவான் கமாருடினைப் பார்த்தார்.

"கவுண்மெந்து, அம்மா" என்றார்.

முனியம்மா வளைவைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார். பிறகு பாஸ்போர்ட்டை அணைத்துக்கொண்டு விமானத்துக்கு ஓடினார்.

அந்த அம்மா என்ன கேட்டார் என்று துவான் கமாருடின் என்னிடம் விசாரித்தார். கேள்வியையும், அந்தச் சாமி அரசாங்கம்தான் என்ற பதிலையும் மொழிபெயர்த்தேன். அவருடைய கனத்த உடம்பு முதலில் தோளில் குலுங்கியது, அப்புறம் வயிற்றில். கண்ணைத் துடைத்துக்கொண்டே என் கோப்பை மூடினார். என்னை வாட்டி எடுத்த விவகாரத்தை அவர் அரை நிமிடத்தில் முடித்துவிட்டார். தட்டைப் பார்க்கச் சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள், கையைப் பார்க்கச் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

(முனியம்மாவின் கணவர் பிழைத்தார். இரண்டு மாதம் கழித்து வருகை வாசல் பக்கமிருந்து ஒரு பை முறுக்கு வந்தது. கொடுத்தவர் மெலிந்த ஆள், சட்டையின் மேல் பட்டனைப் போடாமல் தையலைக் காட்டிக்கொண்டிருந்தார் என்று ரோஸ்லி சொன்னான். முறுக்கில் பாதிதான் என்னிடம் வந்து சேர்ந்தது.)

ஒரு வாரத்தில் கடிதம் தயாரானது. தம்பிராசா மைப்பேனாவைத் திறந்து, ஒரு கோடு வளையாமல் நிதானமாகக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. அவ்வளவு நாள் அந்தப் பயணிகளைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதோ என்னவோ, கடிதத்தை வாங்கி நெற்றியிலும் கண்ணிலும் அழுத்தி ஒற்றிக்கொண்டேன்.

"மை காயேல்லை காணும்!" என்றார் தம்பிராசா.

அன்று மாலையே கிள்ளான் பஸ்ஸில் ஏறினேன். பஸ்ஸில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். வேலை நிரந்தரமானவன் முகத்தில் ஒரு தேஜஸ் வந்துவிடும்போல என்று நினைத்துக்கொண்டேன்.

சுப்பையா கடிதத்தை விளக்குக்கு நேரே பிடித்தார். தலைப்பு, தேதி, என் பெயர், சாப்பு என்கிற ஆபீஸ் முத்திரை, ஒவ்வொன்றிலும் விரல் வைத்து இறங்கி வந்து கடைசியில் நின்றுவிட்டார்.

"எல்லாம் சரி. ஆபீசர் கையெழுத்து எங்க? இங்க மை தேச்ச மாதிரில இருக்கு?"

"போட்டாருங்க. என் கண் முன்னாலதான் போட்டாரு."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னை நிமிர்ந்து பார்த்தார். பார்வை என் வலது புருவத்துக்கு மேலே போய் ஒட்டிக்கொண்டது. எழுந்து கிட்டே வந்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார், மறுபக்கம் சாய்த்தார். தபால் ஆபீசில் முப்பது வருடம் கையெழுத்துச் சரிபார்த்தவர், எளிதில் விடுவாரா?

"கமலா, முகம் பாக்குற கண்ணாடியக் கொண்டா."

கமலா கண்ணாடியோடு வந்தாள். அதை என் முகத்துக்கு நேரே பிடிக்கச் சொல்லிவிட்டு, சுப்பையா என் தோளுக்குமேல் எட்டி, கண்ணாடிக்குள் என் நெற்றியை எழுத்துக் கூட்டிப் படித்தார். தம்பிராசாவின் கையெழுத்து, கோடுகூட வளையாமல், நேராகத் தெரிந்தது. கண்ணாடியைப் பிடித்திருந்த கை சிரிப்பில் ஆடியது. எனக்குத் தெரிந்த கைதான். அன்றுதான் நிமிர்ந்து முகத்தையும் பார்த்தேன்.

"ஆட்டாம புடி" என்று அதட்டிவிட்டு, சுப்பையா கடிதத்தையும் என் நெற்றியையும் இன்னொரு தடவை ஒப்பிட்டார். கடிதத்தை மடித்துத் தன் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"சாப்பு தாள்ல இருக்கு, கையெழுத்து ஆள்ல இருக்கு. ரெண்டும் ஒரே எடத்துல இருந்தாத்தான் செல்லும்" என்றார். பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி மனைவிக்குக் குரல் கொடுத்தார். "மாப்பிள்ளைக்கும் சேத்து எலை போடு."